காலண்டர் கட்டின் மேல் ஜாக்கி

சிவகாசியில் வண்டி உதிரிச் சாமான் கடை. எனக்கு முன்னால் நின்ற இரண்டு பேரில் ஒருவருக்கு வலது கையில் பெரிய கட்டு. அவர்தான் மற்றவரிடம் சொன்னார்:

“காலண்டர் கட்டு மேல ஜாக்கிய ஏத்துனவன் இந்த ஊர்லயே நீ ஒருத்தன்தான் மாப்ள.”

“தாயில்பட்டிக் காட்டுப் பாதையில கரிசல் மண்ணு, மச்சான். ஜாக்கி அமுங்கிக்கிட்டே போச்சு. லோடுல வேற என்ன இருந்துச்சு?”

“வழுவழுன்னு தாளு. வழுக்காம என்ன செய்யும்? வண்டி என் கை மேல வந்து உக்காந்துருச்சு.”

மாப்பிள்ளை ஒவ்வொரு ஜாக்கியாகக் கவிழ்த்து அடித்தட்டைப் பார்த்தார்.

“இது மூணு டன் தூக்கும்ணே,” என்றார் கடைக்காரர்.

“தூக்குறது கெடக்கட்டும். அடி அகலமா வேணும். கீழ போட கெட்டிப் பலகையும் ஒண்ணு வேணும்.”

மாப்பிள்ளையின் போன் அடித்தது. மனைவி. கடை இரைச்சலில் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டார்.

“ஜாக்கி உடைஞ்சுதான அண்ணன் கை நசுங்குச்சுன்னு சொன்னீக? அத வித்தவனச் சும்மா விடாதீக!”

மாப்பிள்ளை மச்சானைப் பார்த்தார். கட்டுப் போட்டவர் இடது கையால் போனை வாங்கினார்.

“ஜாக்கி உடையல தாயி. அத வச்ச விதம் சரியில்ல.”

“யாரு வச்சது?”

“நாந்தேன்.”

“ஒனக்கு அறிவிருக்காண்ணே? அவுகள வைக்கச் சொல்லிருந்தா இப்படி ஆயிருக்குமா?”

“ஆயிருக்காது,” என்றார் அண்ணன்.

மாப்பிள்ளை ஏற்கெனவே பார்த்துவிட்ட ஜாக்கியைத் திரும்பவும் கவிழ்த்து, தலை நிமிராமல் அடித்தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.