காத்திருப்புக் கூடத்துச் சுவருக்காக எழுதியது

ஊரே கிசுகிசுத்ததை ஒலிபெருக்கியில் உரைத்த உரமே! கூசிக் குனிந்த தலைகளை நிமிர்த்திய குன்றாக் குரலே! எங்கள் சுகாதார நிலையத்தின் சுகாதாரக் கல்வியாளரே! முதுகுக்குப் பின்னால் மட்டுமல்ல, முகத்துக்கு நேராகவும் 'ஒலிபெருக்கி அக்கா' என்று நாங்கள் அழைக்கும் எங்கள் அக்காவே! வணக்கம்.

இன்னும் இரண்டு அடைமொழி போட்டால் நீங்களே எழுந்து, "விஷயத்துக்கு வாங்கப்பா" என்பீர்கள். வந்துவிட்டோம். விஷயம், மாதவிடாய். மேடையில் வீற்றிருப்போர் நெளிய வேண்டாம், சொல் கடிக்காது.

நீங்கள் பணியேற்றபோது இங்கே ஒரு ரோஜாப் படம் தொங்கியது. 'மகளிர் தூய்மை பேணுக' என்று கீழே எழுதியிருந்தது. எதைப் பேணுவது என்று விளங்காமல் ஒருத்தி பற்பசை கேட்டாள். அதைக் கழற்றிவிட்டு, கறை படிந்த நாப்கினைச் சிவப்பாகவே வரைந்து மாட்டினீர்கள். நாப்கினைக் கறுப்புப் பையில் சுற்றித் தந்த மருந்துக்கடைக்காரரிடம், "ஏங்க, நான் என்ன கடத்தலா பண்றேன்?" என்றீர்கள். பெண்கள் கூட்டத்துக்கு அப்பாக்களையும் அழைத்தீர்கள். நழுவப் பார்த்த வெல்டரை, "துணி காயறது உங்க வீட்டுக் கொடியிலதானே? உக்காருங்க" என்று அமர்த்தினீர்கள். மறுவாரம் அவரே வந்து, "பொண்ணு ரொம்ப சோர்ந்து கெடக்குறா, டாக்டரைப் பாக்கணும்" என்றார்.

சென்ற மாதம் மேலதிகாரி வந்தார். "குடும்பத்தோட வர்ற எடம், நாகரிகமா இருக்க வேணாமா?" என்றார். உங்கள் படம் இறங்கியது, இனி அனுமதியில்லாத விளம்பரம் கூடாதென்று உத்தரவு ஏறியது. மிஞ்சியது ஆணி. பணி ஓய்வு நெருங்க, அலமாரியைக் காலி செய்தபடி நீங்கள் கேட்டீர்கள்: "நான் போனப்புறம் இந்தப் பொண்ணுங்களுக்கு யாருப்பா சொல்லுவா?"

அக்கா, உத்தரவைத் துருவித் துருவிப் படித்தோம். பாராட்டு மடலுக்குத் தடை இல்லை. ஓய்வு பெற்ற அதிகாரிகளின் மடல்கள் கூடத்தில் தூசியோடு தொங்குகின்றன. படித்தவரும் இல்லை, தொடத் துணிந்தவரும் இல்லை. ஆகவே உங்கள் புகழைப் பொறிக்கிறோம்:

நாப்கினோ துணியோ, நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் மாற்றச் சொன்ன மதியே! துணியைச் சோப்புப் போட்டு அலசி, இருட்டு மூலையிலல்ல, வெயிலில் உலர்த்தச் சொன்ன கதிரே! வலி வாட்டினாலும் உதிரப்போக்கு மிகுந்தாலும் பல்லைக் கடிக்காதே, மருத்துவரைப் பார் என்ற பரிவே! இது அழுக்கல்ல, நோயல்ல, குற்றமுமல்ல என்று கொதித்த கனலே!

நோயின்றி, குரல் குன்றாமல் நெடுநாள் வாழ்க! அந்த மேலதிகாரியின் திருக்கரத்தாலேயே இம்மடலை இப்போது பெற்றுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு மட்டும் எடுத்துப் போகாதீர்கள். பழைய ஆணி காத்திருக்கிறது. கழற்ற நினைப்பவர், எதற்குக் கழற்றுகிறார் என்பதைக் கூடத்தில் காத்திருக்கும் பெண்களிடம் உரக்கச் சொல்லிவிட்டுக் கழற்றட்டும். அந்தச் சொல்லைச் சொல்லாமல் காரணம் சொல்ல முடியாது.

இப்படிக்கு,
சுத்தியலும் கையுமாக நிற்கும்
நிலையப் பணியாளர்கள்