உள்ளங்கை அகல ஒடுக்கு

உங்கள் மேஜை மேல் இருக்கும் தண்ணீர்ச் சொம்பில் ஒரு ஒடுக்கு இருக்கிறது ஐயா. யாரோ கை தவறிக் கீழே போட்டிருக்கிறார்கள். வந்து உட்கார்ந்ததிலிருந்து என் கண் அதில்தான் நிற்கிறது. நீங்கள் கேட்பது காதில் விழாமல் இல்லை. ஆனால் முதலில் அதை எடுத்துவிட்டுப் பேசலாமே என்று கை பரபரக்கிறது. என் புத்தி அப்படி.

மோட்டார் சைக்கிள் பெட்ரோல் டேங்க்கில் விழும் ஒடுக்கை நிமிர்த்துவது என் தொழில். அதிலும் பெயின்ட் உடையாத ஒடுக்கு என்றால், மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டிய தேவையே இல்லாமல் நிமிர்த்திக் கொடுப்பேன். தம்பட்டம் அடிக்கிறான் என்று நினைப்பீர்கள். தம்பட்டம்தான்.

எங்கள் கொட்டகையை ஒட்டிய கொட்டகை பெயின்ட்கார அண்ணனுடையது. நடுவில் ஒரு தகரத் தடுப்பு. நான் வேலை முடித்து டேங்க்கைத் துடைத்து வைத்தால், எங்கிருந்தோ மூக்கில் வியர்த்து வந்துவிடுவார். கண்ணை மூடிக்கொண்டு விரலால் ஒரு தடவு தடவுவார். "இங்க ஒரு அலை இருக்கு தம்பி. பட்டி வெச்சாத்தான் அடங்கும்" என்பார். பட்டி என்றால் பள்ளத்தை மூடப் பூசுகிற பசை. என் தொழிலில் அது கெட்ட வார்த்தை. பதினோரு வருஷத்தில் ஒருநாளாவது நன்றாக இருக்கிறது என்று அவர் வாயிலிருந்து வந்ததில்லை. அவர் பொறாமையில் நொட்டை சொல்கிறார் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர் போன பிறகு விரல் வைத்துப் பார்ப்பேன். சொன்ன இடத்தில் அலை இருக்கும்.

அன்று வார விடுமுறை. பட்டறைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் வண்டி, கறுப்பு டேங்க், தோள்பக்கம் சின்ன ஒடுக்கு. காலையிலேயே எடுத்து முடித்துவிட்டேன். பிறகு வண்டியை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினேன். டேங்க் நிமிர்த்துகிறவனுக்கு எதற்கு ஓட்டிப் பார்க்கும் வேலை என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். டேங்க்கில் வானம் எப்படித் தெரிகிறது என்று பார்க்க ஆசை, வேறொன்றும் இல்லை. கிடங்குகளுக்குப் பின்னால் போகும் தெருவில், தலைக்கு மேல் ஓடும் மின்கம்பி அந்தக் கறுப்பில் ஒரு நெளிவு இல்லாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. அத்தனை அழகு. தெருவைப் பார்க்கவில்லை.

அண்ணன் தெருவைக் கடந்துகொண்டிருந்தார். முந்தின நாள் அடித்த பெயின்ட் காய்ந்துவிட்டதா என்று பார்க்க வந்தவர். இடித்ததும் சுழன்று டேங்க் மேல் சாய்ந்து, ஓரத்துக் காய்ந்த சாக்கடைக்குள் போய் விழுந்தார். நான் வண்டியை விட்டு இறங்கி முதலில் எதைப் பார்த்தேன் என்று உண்மையாகவே சொல்லிவிடுகிறேன். டேங்க்கைத்தான் பார்த்தேன். அவர் முழங்கால் பட்ட இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு உள்வாங்கியிருந்தது. பெயின்ட் உடையவில்லை.

அப்புறம் அவரைப் பார்த்தேன். சாக்கடைக்குள்ளேயே அதன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தொடையில் ரத்தம். தோள் துண்டை எடுத்துத் தானே இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"கண்ண எங்கடா வெச்சுக்கிட்டு ஓட்டுற? சரி சரி, முழிச்சுக்கிட்டு நிக்காத. ஓடு. யாரையாவது கூட்டிட்டு வா."

"பத்து நிமிஷம்ணே" என்றேன்.

அவர் போன் கொட்டகையில் சார்ஜில் கிடந்தது. என் போன் என் சட்டைப்பையில் இருந்தது.

யோசித்தேன் ஐயா. ஆள் வந்தால் வண்டி எங்கே என்பார்கள். வண்டியைப் பார்த்தால் ஒடுக்கைப் பார்ப்பார்கள். ஜெயிலுக்குக்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை. ஒடுக்கு எடுக்கிறவனே ஒடுக்கு வாங்கிக்கொண்டு வந்தான் என்று தெரு சிரிக்கும். அதைத்தான் என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. முதலில் டேங்க்கைச் சரிசெய்துவிட்டு உடனே ஆளைக் கூப்பிடலாம் என்று முடிவு செய்தேன். அந்த நேரத்துக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அப்போது மணி பதினொன்றரை.

கொட்டகைக்கு வந்து டேங்க்கைக் கழற்றி, பெட்ரோலை வடித்து, கழுவிக் காயவைக்கவே முக்கால் மணி நேரம் ஆனது. அவசரப்பட்டால் பெயின்ட் விரிசல் விடும். விரிசல் விட்டால் பெயின்ட்காரரைக் கூப்பிட வேண்டும். அவரோ சாக்கடையில் இருக்கிறார். ஆகவே நிதானமாகச் செய்தேன். மூடி வாய் வழியாக வளைந்த கம்பியை விட்டு, உள்ளிருந்து ஒரு நெல் அளவு தள்ளுவது, வெளியே பார்ப்பது, மறுபடி தள்ளுவது. பக்கத்தில் ட்யூப் லைட்டைப் பிடித்தால் டேங்க்கில் வெள்ளைக் கோடு விழும். கோடு நெளிந்தால் பள்ளம் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் அண்ணன் போன் இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில் அண்ணியே வந்தார்.

"தம்பி, உங்க அண்ணன் இந்தப் பக்கம் வந்தாரா? பெயின்ட் காஞ்சிருச்சான்னு பாத்துட்டு வரேன்னு போன மனுஷன், இன்னும் காணோம்."

"வரலையே அண்ணி."

"யார் கூடயாவது நின்னு வம்பளந்துட்டு இருப்பாரு. வரட்டும்." சொல்லிவிட்டு நின்றவர், நான் ஒரு கையில் கம்பியும் ஒரு கையில் விளக்குமாகத் திண்டாடுவதைப் பார்த்தார். "குடுங்க, நான் பிடிக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டார். நானும் கொடுத்தேன். நல்ல ஸ்திரமான கை. அரைமணி நேரம் ஆடாமல் பிடித்தார். கோடு கொஞ்சம் கொஞ்சமாக நேராவதைப் பார்த்து, "அவர் பாத்தா அசந்துடுவாரு தம்பி" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான அரைமணி நேரம் அதிகம் இல்லை.

ஒரு மணிக்கு அண்ணி வீட்டுக்குப் போனார். அப்போதே ஒடுக்கு போய்விட்டது. வாத்தியாருக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, ஊரில் யார் கண்ணுக்கும் தெரியாது. நான் போனை எடுத்திருக்கலாம். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் இரண்டு மணிவரை உயிர் இருந்திருக்கும் என்று எழுதியிருக்கிறார். ஒரு மணிக்குக் கூப்பிட்டிருந்தால் அண்ணன் இன்று ஒரு காலை இழுத்துக்கொண்டாவது நடமாடிக்கொண்டிருப்பார்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். ஓர் அலை இருந்தது. முடி இழை அளவு. அந்த அலை வேறு யாருக்கும் அகப்படாது, அவர் ஒருவருக்குத்தான் அகப்படும். அதை எடுத்து முடிக்கும்போது மணி மூன்று.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். சாயங்காலம் யாரோ பார்த்துத் தகவல் சொன்னார்கள், கடைசியில் ஏதோ லாரி இடித்தது என்று முடிவாயிற்று. எங்கள் தெரு வண்டிகளை எல்லாம் சோதித்த உங்கள் நிபுணர், இந்த டேங்க்கில் ஒடுக்கு விழுந்ததற்கோ பழுது பார்த்ததற்கோ அடையாளமே இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அதைக் கேள்விப்பட்ட அன்று இரண்டு தட்டுச் சோறு அதிகமாகச் சாப்பிட்டேன். எட்டு மாதமாக இதை ஓர் ஆளிடம் சொல்ல முடியாமல் கிடந்தது பெரிய அவஸ்தை. மனசாட்சி உறுத்தியது என்று எழுதிக்கொள்ளுங்கள். படிக்க நன்றாக இருக்கும்.

நடுவில் ஒன்றை விட்டுவிட்டேன். மூன்று மணிக்கு டேங்க்கை வண்டியில் மாட்டி அந்தத் தெருவுக்குப் போனேன். போன் அப்போதும் பையில்தான் இருந்தது, யாரையும் கூப்பிடவில்லை. ஆளைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லிப் போனவன், டேங்க்கைக் காட்டத் திரும்பி வந்தேன். அண்ணன் அதே இடத்தில் சாய்ந்திருந்தார். வெளிச்சம் சரியாக விழும்படி வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு, "பாருங்கண்ணே, பட்டியே வெக்கல" என்றேன். கண் திறந்தே இருந்தது. டாக்டர் கணக்கு டாக்டருக்கு, நான் பக்கத்தில் நின்று பார்த்தவன். இமைக்காமல், வெகுநேரம், டேங்க்கையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குறையும் சொல்லவில்லை.