கதவு தட்டப்படும் இரண்டு ஊர்கள்

ஓடுகிறோம். நான், என் கணவர், என் தம்பி சேகர். லைங் தாயா, நகரத்தின் ஓரம். தையல் ஆலைகளுக்குப் பின்னால் இருக்கும் சந்து. 2021 மார்ச், பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த மறுமாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் சாய்ந்த நேரம்.

முதலில் ஒற்றை வெடி. டக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டக். அப்புறம் இடைவெளியே இல்லை. தகரக் கூரை மேல் கல்மழை விழுவது மாதிரி. இதற்கு முன் நான் துப்பாக்கிச் சத்தம் கேட்டதில்லை. கேட்டதும் தெரிந்துவிட்டது.

"குனி! குனிஞ்சு ஓடு!"

கத்தியது சேகர். நான் குனிந்தேன். என் கணவர் குனிய நேரமாகிவிட்டது. அவருக்கு முதுகுவலி. தொழிலாளர் பஸ் ஓட்டி ஓட்டி வந்த வலி. பின்னால் ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி சத்தம் கேட்டது. திரும்பினேன். அவர் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். கால்களை நீட்டி, வெயிலுக்கு ஒதுங்கியவர் மாதிரி. சட்டையில் ரத்தம். கண் திறந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை.

சேகர் என் கையைப் பிடித்து இழுக்கிறான். நான் போக மாட்டேன் என்கிறேன். அப்படித்தான் அவன் சொல்கிறான். எனக்கு நினைவில்லை. எரிந்த ரப்பர் வாடை நினைவிருக்கிறது. சந்து முனையில் பூட்ஸ் சத்தம் நினைவிருக்கிறது.

மறுநாள் காலை சேகர் திரும்பிப் போய்ப் பார்த்தான். சுவர் கழுவப்பட்டிருந்தது. உடல் இல்லை. எந்த ஆஸ்பத்திரியிலும் அந்தப் பெயரில் ஆள் இல்லை என்றார்கள்.

நகரத்தின் மறுபக்கம் இருக்கும் பசுந்தாங்குக்கு வந்தோம். ஓடைப் பக்கம் ஒரு பழைய கட்டடம், நாலாவது மாடி. என் நாத்தனார் வீடு. லைங் தாயாவில் கலவரம் தொடங்கியதும் என் மகன் கண்ணனை அங்கேதான் அனுப்பி வைத்திருந்தோம். அப்போது அவனுக்குப் பதினாறு. கதவைத் திறந்தான். எங்கள் பின்னால் எட்டிப் பார்த்தான். அப்பா எங்கே என்று கேட்கவில்லை. உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தான்.

இங்கே வார்டுத் தலைவர் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் அவரை லூஜீ என்போம். பர்மியப் பேச்சில் பெரியவர் என்று அர்த்தம். பழைய லூஜீ ஊ லா, கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். தெருக்காரர்கள் கூடித் தேர்ந்தெடுத்தவர். தெருவிளக்கு எரியாவிட்டால் அவரிடம் போவார்கள். சாக்கடை அடைத்தாலும் அவரிடம்தான். ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அவரைப் பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேறொருவரைப் போட்டார்கள். அவர் பெயரை எழுத மாட்டேன். நான் இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறேன். இங்கே வரும் எங்கள் பெயர்களும் உண்மைப் பெயர்கள் அல்ல.

வெளி வார்டு ஆள் வீட்டில் தங்கினால் லூஜீயிடம் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் குற்றம். நாங்கள் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பகலில் தட்டினார்கள். கை தட்டிய சத்தம் அல்ல. துப்பாக்கிக் கட்டை. மூன்று முறை. புதிய லூஜீ முன்னால், சிப்பாய்கள் பின்னால். அவர் போனில் ஒரு படத்தைக் காட்டினார். போராட்டக்காரர்கள் அடுக்கிய தடுப்பு மூட்டைகளுக்குப் பக்கத்தில் சேகர் நிற்கிறான்.

"இவன் யார்?"

"தெரியாது, ஊலே" என்றாள் நாத்தனார். ஊலே என்றால் மாமா. அவரை அதுவரை அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை.

சேகர் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தான். அவர்கள் மாடி ஏறவில்லை. ஏன் என்று தெரியாது. படிக்கட்டில் விளக்கு இல்லை. அதனால் இருக்கலாம்.

மறுநாள் சேகர் போய்விட்டான். தாய்லாந்து எல்லை. ஆறு. முகாம். அங்கே ஒரு வருஷத்துக்கு மேல். பிறகு நார்வே அவனை எடுத்துக்கொண்டது. எந்த ஊர் என்று அவன் தேர்ந்தெடுக்கவில்லை. வடக்குக் கோடியில் ஒரு தீவு. அந்தத் தீவே ஒரு நகராட்சி. அவன் போனில் சொல்லச் சொல்ல எனக்கு அந்த ஊர் மனப்பாடம். மரம் கிடையாது. கல்லும் பாசியும். மார்கழியில் சூரியன் வராது. ஆனியில் மறையாது. ஒரு துறைமுகம், ஒரு மீன் ஆலை, ஒரு பள்ளிக்கூடம். சேகருக்கு மீன் ஆலையில் வேலை. நாலு வருஷத்துக்கு ஒரு தேர்தல். ஜெயித்தவர்கள் பள்ளிக்கூடத்து ஹாலில் கூடிப் படகுத்துறையைப் பற்றியும் பனி அள்ளுவதைப் பற்றியும் பேசுவார்களாம். யார் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து கேட்கலாமாம்.

அங்கே போன முதல் குளிர்காலத்தில் அவன் கதவையும் யாரோ தட்டினார்கள். விரலால், மெதுவாக. அவன் குளியலறையில் போய் ஒளிந்துகொண்டான். விளக்கை அணைத்தான். தட்டுவது நின்றது. அரைமணி கழித்து வெளியே தமிழ் கேட்டது.

"தம்பி, பயப்பிடாதேங்கோ. இவா எங்கட ஊர் மேயர். தண்ணிக் குழாய் உறைஞ்சு போச்சுது. அதைச் சொல்லத்தான் வந்தவா."

மீன் ஆலையில் பல வருஷமாக வேலை செய்யும் யாழ்ப்பாணத்துக்காரர் அவர். மேயர் போய் அவரைக் கூட்டி வந்திருக்கிறார். சேகர் கதவைத் திறந்தான். கம்பளிக் குல்லாய் போட்ட ஒரு பெண். கையில் தண்ணீர்க் குடம். அவன் கதவை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். குடத்தை வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

இதைச் சொல்லும்போது சேகர் அழுதான். நான் அழவில்லை. "குடத்துல எவ்வளவு தண்ணி இருந்துச்சு?" என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேனோ.

அந்தத் தீவின் வீடுகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்குமாம். பழைய வீடு ஒன்றுகூட இல்லையாம். உலகப்போரில் பின்வாங்கிய ஜெர்மானியர்கள் எல்லாவற்றையும் கொளுத்தினார்கள். வீடு, படகு, தந்திக்கம்பம். சனங்களைக் கப்பலில் ஏற்றித் தெற்கே துரத்தினார்கள். சிலர் போகாமல் பாறைக் குகைகளில் குளிர்காலம் முழுக்க ஒளிந்திருந்தார்கள். மேயரின் அம்மா குகையில் இருந்த குழந்தைகளில் ஒருத்தி. போர் முடிந்ததும் சனங்கள் திரும்பி வந்தார்கள். வர வேண்டாம் என்று அரசாங்கம் சொல்லியும் வந்தார்கள். அதே இடத்தில் கட்டினார்கள்.

"அவங்களுக்கு விளங்குதுக்கா" என்றான் சேகர். "நான் ஒன்னும் சொல்லத் தேவையில்ல."

என்னையும் கண்ணனையும் அழைத்துக்கொள்ள முடியுமா என்று மேயரிடம் கேட்டிருக்கிறான். அது நகராட்சி கையில் இல்லை என்றார் அவர். அக்காவுக்கு அந்த நாட்டுச் சட்டத்தில் இடமில்லை. மேயர் யார் யாருக்கோ போன் போட்டுப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

2024. கட்டாய ராணுவச் சேவை என்றார்கள். பதினெட்டு வயசு ஆனவர்கள். வார்டு ஆபீஸில் குலுக்கல். காலை நேரம். கதவுக்கு வெளியே தாய்மார்கள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் பெட்டி. சீட்டு எடுக்கும் சத்தம் கேட்காது. பெயர் வாசிக்கும் சத்தம் மட்டும் கேட்கும்.

"மின் தூ."

நான் சும்மா நின்றேன். பக்கத்தில் நின்ற பெண் என்னைப் பார்த்தாள். அப்புறம்தான் உறைத்தது. பள்ளிக்கூடத்தில் கண்ணனுக்குக் கொடுத்த பர்மியப் பெயர். வீட்டில் யாரும் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "ஓடிப்போ. உன் மாமா போன வழியில போ. இன்னைக்கே போ."

அவன் சட்டையை மடித்துக்கொண்டிருந்தான். தமிழில் ஆரம்பித்துப் பர்மியத்தில் முடிப்பான். அன்றைக்கு முழுக்கத் தமிழில் பேசினான்.

"லூஜீ என்னைத் தனியாக் கூப்பிட்டாரும்மா. நான் ஓடினா உங்களைப் பிடிப்பேன்னு சொன்னாரு."

"பிடிக்கட்டும்."

"அத்தையையும் பிடிப்பாங்க."

நாத்தனார் அடுப்படியில் நின்றாள். அடுப்பை அணைத்தாள். ஓடிப்போ என்று நான் மறுபடி சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தட்டினார்கள். இந்த முறை ஒரே ஒரு தட்டு. கண்ணனே போய்த் திறந்தான். செருப்பு மாட்டிக்கொண்டான். படியில் இறங்கும் சத்தம் கேட்டது. நாலு மாடி. ஜன்னலுக்கு ஓடினேன். லாரியின் பின்பக்கம் தார்ப்பாய் இறக்கப்பட்டிருந்தது. எந்தத் தலை அவனுடையது என்று தெரியவில்லை.

பயிற்சி முகாமிலிருந்து ஒரு முறை பேசினான். சோறு பரவாயில்லை என்றான். வடக்கே ஒரு ஊரிலிருந்து இன்னொரு முறை. பின்னால் சத்தம். டக். டக். "என்ன சத்தம்?" என்றேன். "ஒன்னுமில்லம்மா." அதற்குப் பிறகு போன் இல்லை.

இப்போது பசுந்தாங்கில் பஸ் ஓடுகிறது. சந்தை நடக்கிறது. நான் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறேன். வார்டு ஆபீஸுக்குப் போய் மகனைப் பற்றிக் கேட்டேன். லூஜீ நாற்காலி கொடுத்தார். டீ கொடுத்தார். தகவல் வந்தால் சொல்கிறேன் என்றார். அந்த டீயை நான் குடித்தேன்.

இழந்தவை. லைங் தாயாவில் ஒரு அறை. அதில் இருந்த தையல் மிஷின், கல்யாணப் படம், பாத்திரங்கள். மாணிக்கம், என் கணவர். உடலும் இல்லை, காரியமும் செய்யவில்லை. ஊ லா. பழைய லூஜீயைப் பிடித்துக்கொண்டு போனார்கள், சிறையில் இறந்தார். சேகர். உயிரோடு இருக்கிறான், நான் இனி பார்க்கப்போவதில்லை. எதிர் வீட்டுப் பையன்கள் இரண்டு பேர், குலுக்கலில் பெயர் வந்து போனவர்கள்.

கண்ணனை நான் இன்னும் இதில் சேர்க்கவில்லை.