நீரூற்றுப் பக்கம் நின்றவன்

வயிறு நிறைந்தால் எனக்குக் கண் சொக்கும், ஐயா. எல்லாம் அதில்தான் ஆரம்பித்தது. மூக்குக் கண்ணாடிக் கடையில் காலை முழுக்கத் திருகாணி முடுக்கிவிட்டு, மதியம் எதிர்ப் பூங்காவில், நீரூற்றுப் பக்கத்து பெஞ்சில் கொஞ்சம் கண்ணயர்வேன். அப்படி ஒருநாள் வாயைப் பிளந்து தூங்கியபோது, அங்கே ஜோடிகளைப் படம் எடுக்கும் போட்டோக்காரத் தம்பி என்னையும் எடுத்துவிட்டான். நூலகக் கண்காட்சியில் ஆளுயரத்துக்கு மாட்டி, கீழே ‘நிம்மதி’ என்று எழுதியும் வைத்தான்.

கண்ணாடி வாங்க வந்தவர்கள் என் வாயையே பார்த்தார்கள். "ஏங்க, கடைவாய்ச் சொத்தை வரைக்கும் தெரியுதுங்க" என்றாள் மனைவி. அவமானமாக இருந்தது. அவள் அண்ணன் வக்கீல். அவரிடம் போனேன்.

"பொது இடம் மாப்பிள்ளை, எடுக்கலாம். விளம்பரத்துக்குப் போட்டிருந்தா பிடிச்சிருப்பேன். இது வெறும் கண்காட்சி. ஒரு வார்த்தை கேட்டிருந்தா மரியாதை. மரியாதை இல்லைன்னு கேஸ் போட முடியுமா?"

"அதே இடத்துல நான் நிக்கலாமா மச்சான்?"

"தாராளமா நில்லுங்க."

நின்றேன். நான் செய்தது அவ்வளவுதான்.

அவன் ஜோடியை நிறுத்துவான். பின்னால் நான் நிற்பேன். யாரையும் உரசியதில்லை, முறைத்ததில்லை. முகம் கழுவி, தலை வாரி, அவர்கள் உடுப்புக்கு ஒத்துப்போகிற சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொள்வேன். "அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே" என்பான். தள்ளி நிற்பேன், அவன் கேமரா திரும்புகிற பக்கமாக. இன்று பல வீட்டுக் கூடங்களில் நான் மாட்டியிருக்கிறேன். ஒரு வீட்டுக் குழந்தை என்னைப் பெரியப்பா என்கிறதாம்.

தம்பி அந்த ‘நிம்மதி’ படத்தைக் கழற்றிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். "பொழப்பு போயிடும்ணே, எனக்குன்னு யாரும் இல்ல" என்று கண் கலங்கினான். எனக்கும் மனசு கேட்கவில்லை. ஆனால் சாயங்கால வெயில் என் முகத்தில் எப்படி விழுந்தால் நன்றாக இருக்கும் என்பது அப்போதுதான் பிடிபட்டிருந்தது. பாதியில் விட முடியவில்லை.

இன்று அவனே, கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணோடு நீரூற்று முன்னால் நின்றான். நண்பன் படம் எடுத்தான். பாவம், அவர்களாவது நிம்மதியாக நிற்கட்டும் என்று நான் நிற்கவில்லை. பெஞ்சில் படுத்துக்கொண்டேன், வாயைத் திறந்தபடி.

"நீங்க எடுத்த எல்லாப் படத்துலயும் இவர் இருக்காரே, யார் இவர்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"பெரியப்பாம்மா" என்றேன், கண்ணைத் திறக்காமலே. "இவன்தான் வீட்டை விட்டுத் துரத்திட்டான். அதான் இங்கேயே படுத்துக்கறேன்."

"யாருமே இல்லன்னு சொன்னீங்க?" என்று அவனைக் கேட்டுவிட்டு, அவள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். கல்யாணம் நின்றது. அவன் கேமராவை நீரூற்றுக்குள் எறிந்தான். பொது நீரூற்றில் எதையும் போடக் கூடாது என்று நான் பக்குவமாகத்தான் எடுத்துச் சொன்னேன்.

வேண்டுமென்றே கெடுத்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். படத்தில் விழ ஆசைப்பட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். போட்டோ என்றாலே எனக்கு ஆகாது. இங்கே ஸ்டேஷனிலும் ஒன்று எடுப்பீர்களாமே, அந்தச் சுவர் ஓரமாகத்தானே? ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கச் சொல்லுங்கள். இடது கன்னத்தில் வெளிச்சம் விழுந்தால்தான் நான் எடுப்பாக இருப்பேன்.