முன்னால போக ரிவர்ஸ் கியர்

ஹட்டனிலிருந்து வந்த பஸ் கொட்டகலையைத் தாண்டும்போது, கையெல்லாம் கிரீஸாக முன் சீட்டில் இருந்தவன் பக்கத்திலிருந்த கூட்டாளியிடம் சொன்னான்:

“மச்சான், என் கார்ல நாலு கியரும் பின்னாலதான் போகுது. ரிவர்ஸ் போட்டாத்தான் முன்னால போகுது.”

நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

“என்னடா செஞ்ச?”

“மலை ஏற மாட்டேங்குதேன்னு பெரிய எஞ்சின் போட்டேன். கியர்பாக்ஸ் பழசுதான். போல்ட்டெல்லாம் கச்சிதமா பொருந்துச்சு. ஸ்டார்ட் பண்ணினப்பொறகுதான் தெரியுது, இந்த எஞ்சின் எதிர்ப்பக்கமா சுத்துது!”

“நாளைக்கு ஒனக்குக் கல்யாணம்டா! வேற வண்டி புடி.”

“எதுக்கு? மேல தேயிலத் தோட்டத்துல, பொண்ணு வீடு இருக்குற லயத்து வரிசையோட ரோடு முடியுது. அங்க எவன் வண்டியத் திருப்பியிருக்கான்? எல்லாரும் மெயின் ரோடு வரைக்கும் ரிவர்ஸ்லதானே எறங்குறாங்க! போறப்ப ஒத்தக் கியர்ல மெதுவா ஏறுவோம். மேளக்காரங்க முன்னால நடந்து வர சரியா இருக்கும். எறங்குறப்ப நாலு கியர் இருக்கு நமக்கு!”

கூட்டாளி சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. பஸ் டிரைவர்கூட கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்.

“பொண்ணுகிட்ட சொல்லிட்டியா?”

“சொன்னேன். நேத்து வரைக்கும் வீட்ட விட்டு வரணுமேன்னு ஒரே அழுகை. இதக் கேட்டதும் சிரிக்குது.”

“என்ன சொல்லுது?”

“மெதுவாவே எறக்குங்க, வளைவு வரைக்கும் அம்மா மூஞ்சியப் பார்த்துக்கிட்டே வரலாம்னு சொல்லுது.”