தொட்டி பட்ஜெட்ல இருக்கு

இல்ல டீச்சர், உள்ள வர்ல. இங்கியே வாசப்படிகிட்ட நிக்கிறேன். பசங்க தூங்குதுங்க இல்ல? மெதுவாவே பேசுறேன். சாப்டாச்சா எல்லாம்? முட்டை இருந்துச்சா இன்னிக்கி? நல்லது. நான் இன்னா சொல்றேன்னா, வெயிலு அவ்ளோ ஒண்ணும் ஜாஸ்தி இல்ல. எல்லாரையும் எழுப்பி, அப்டியே தர்கா மைதானம் வரைக்கும் ஒரு ரவுண்டு கூட்டினு போய்ட்டு வந்தா இன்னா? அங்க புளியமரம் இருக்கு, நெழலு இருக்கு. பசங்களுக்கும் குஷியா இருக்கும்.

இப்பதான் தூங்க வெச்சீங்களா. அதுவும் வாஸ்தவம் தான். எழுப்புனா அழுவும்ங்க. சரி, செத்த நேரம் ஆவட்டும்.

நானா? அய்யோ, சொல்லவே இல்ல பாருங்க. நீங்க குடியாத்தத்துலர்ந்து மாத்தலாகி வந்து பத்து நாளு கூட இருக்காது, எப்டி தெரியும். நான் இந்த வார்டு கவுன்சிலர் பில்கிஸோட வூட்டுக்காரன். ரஷீத் அஹமது. தெருவுல கேட்டீங்கன்னா கவுன்சிலர் பாய்னு சொல்லுவாங்க. கவுன்சிலர் அவ, பாய் நானு. லேடீஸ் வார்டா மாத்திட்டாங்க, அவ பேர்ல நின்னோம். ஓட்டு கேட்டது நான், திட்டு வாங்குறது நான், கையெழுத்து மட்டும் அவ. சிரிக்கிறீங்க. எல்லா ஊர்லயும் இதான டீச்சர் நடக்குது.

தொடப்பத்த இன்னாத்துக்கு வாசல்லியே சாத்தி வெச்சிருக்கீங்க? ஓ, காரை உழுவுதா. டெய்லி உழுவுதா? பெரிய பெரிய துண்டா, இல்ல பொடியா? பொடின்னா பரவால்ல. துண்டு உழுந்தா சொல்லுங்க. இல்ல, சொல்லி இன்னா ஆவப் போவுதுன்னு கேக்காதீங்க, சொல்லுங்க அவ்ளோதான்.

தொட்டியா? தொட்டி எங்கப்பா காலத்துல கட்டுனது. இந்த வார்டுக்கும் பக்கத்து வார்டுக்கும் இதுலர்ந்து தான் தண்ணி. பாலாத்தங்கரைல சம்ப்பு இருக்கு, அங்க மோட்டார் போட்டா இங்க மேல ஏறும். தொட்டிக்கு அடில நீங்க இருக்கற இந்த ரூமு தண்ணி வரி கட்டுற ஆபீஸா இருந்துச்சு. அதெல்லாம் அப்போ. மூணு வருஷமா தொட்டி காலி. வேதாசலம்னு முனிசிபாலிட்டி இன்ஜினீயர் ஒருத்தர் இருந்தாரு, நல்ல மனுஷன், எங்கியோ தர்மபுரி பக்கம் தூக்கி அடிச்சிட்டாங்க. அவரு மேல ஏறிப் பாத்துட்டு வந்து எங்கிட்ட சொன்னாரு, பாய், உள்ள கம்பியெல்லாம் துரு புடிச்சு பூத்துப் போச்சு, காலியா கெடக்குற வரைக்கும் நிக்கும், தண்ணி ஏத்துனீங்கன்னா நான் ஜவாப்தாரி இல்லன்னு. அன்னிக்கே மூடிட்டாங்க. அதுலர்ந்து கவுஸ் பாஷாவோட லாரி தண்ணி தான் ரெண்டு வார்டுக்கும். காலித் தொட்டி யாரையும் ஒண்ணும் பண்ணாது டீச்சர். ஒங்களுக்கு முன்ன இருந்த டீச்சரும் இதத்தான் கேட்டாங்க, இதத்தான் சொன்னேன்.

தூணுல அந்த முயலு, யானையெல்லாம் நல்லா இருக்கு இல்ல? நான் தான் ஆளு வெச்சு வரையச் சொன்னது. பெயிண்டுக்கு மட்டும் துட்டு இருந்துச்சு. பசங்களுக்கு ஆசையா இருக்கட்டும்னு தான். விரிசல மறைக்கறதுக்குன்னு சொல்றாங்க ஆவாதவங்க. சரி, விரிசலும் தெரிய வேணாம்னு தான், இல்லன்னு சொல்ல மாட்டேன்.

முன்ன இருந்த மஹபூப் பாஷா வூட்டுலயே இந்தப் பால்வாடி இருந்திருக்கலாம். நல்ல வூடு, காம்பவுண்டு செவுரு, கெணறு, எல்லாம் இருந்துச்சு. வாடகை தான. ஒங்க டிபார்ட்மெண்டுலர்ந்து ஆர்டர் வந்துச்சாம், இனிமே யாருக்கும் வாடகை குடுக்கறதில்ல, சும்மா கெடக்குற கவர்மெண்டு கட்டடமா பாத்து உள்ள போங்கன்னு. இங்க முனிசிபாலிட்டில கேட்டாங்க. எங்க கட்டடம் ஒண்ணு சும்மா தான் கெடக்குதுன்னு இந்த ரூமக் குடுத்துட்டாங்க. ரெண்டு ஆபீஸ்காரங்களும் செலவு மிச்சம்னு கை குடுத்துக்கினாங்க, பேப்பர்ல கூட போட்டோ வந்துச்சு. போட்டோ எடுக்கறவன் தொட்டி தெரியாம எடுத்தான்.

யார மட்டும் குத்தம் சொல்றது. ஊரு நெலம அப்டி. மத்த ஊர்ல மழை பேஞ்சா அடுப்பு எரியும். நம்ம ஊர்ல அமெரிக்காக்காரன் ஷூ வாங்குனா தான் எரியும். அவன் அங்க வரிய ஏத்திட்டான், இங்க ஆர்டர் நின்னு போச்சு. காலைல பாத்தீங்கன்னா ஹைவேஸ் பூரா கம்பெனி வேனா நிக்கும், பொம்பளைங்க டிபன் டப்பாவ கைல புடிச்சினு ஓடுவாங்க. இப்ப அந்த வேன் டிரைவருங்க வேலூர்ல ஷேர் ஆட்டோ ஓட்டுறானுங்க. என் பையன் முஜாஹித் கட்டிங் செக்ஷன்ல சூப்பர்வைசர். வாரத்துல மூணு நாள் வந்தா போதும்னாங்க, அப்பால ரெண்டு நாள்னாங்க, அப்பால நாங்களே போன் பண்றோம்னாங்க. போன சார்ஜ் போட்டு போட்டு பாத்துனு ஒக்காந்திருக்கான். கம்பெனி படுத்தா முனிசிபாலிட்டியும் சேந்து படுக்கும் டீச்சர். சொத்து வரி, தொழில் வரி எல்லாம் அங்கிருந்து தான வரணும். வரும் வரும்னு பட்ஜெட்ல எழுதி வெச்சிருந்தாங்க. வர்ல.

இந்த வருஷம் பட்ஜெட் மீட்டிங் பாத்திருக்கணும் நீங்க. நான் உள்ள போவ முடியாது, அவ தான உள்ள. வூட்டுக்காரனுங்க நாங்கல்லாம் வராண்டால ஒக்காந்துனு இருப்போம். உள்ள பொம்பளைங்க, வெளிய நாங்க, நடுவுல வாட்ஸ்அப்பு. எத ஒத்துக்கணும், எதுக்கு எந்திரிச்சு கத்தணும், எல்லாம் வாய்ஸ் மெசேஜுல போவும். கமிஷனர் சொன்னாராம், வர்ற வருஷம் இன்னா வரும்னு எனக்கே தெரியாது, மேல இருந்து வர்ற பணமும் எப்ப வரும்னு சொல்ல முடியாது, அதனால செலவ வெட்டுங்கன்னு. எத வெட்டுறது? சம்பளத்த வெட்டுனா ஸ்ட்ரைக்கு. பென்ஷன வெட்டுனா கேஸு போடுவாங்க. தெரு லைட்ட வெட்டுனா ஜனங்க ரோட்டுல வந்து ஒக்காந்துரும். சேர்மன் வார்டுல பெரிய வளைவு ஒண்ணு கட்டுறாங்க, அத வெட்டுனா சேர்மனே ஒக்காந்துருவாரு. அப்ப சத்தம் போடாதது எதுவோ அத தான் வெட்ட முடியும். இந்தத் தொட்டி சத்தம் போடாது இல்ல.

அதான் டீச்சர் பேஜாரே. தொட்டி பட்ஜெட்ல இருக்கு. பொய் இல்ல. அந்தப் பேனர பாத்திருப்பீங்க, முக்குல, டீக்கடை மேல, பில்கிஸ் போட்டோ போட்டு, பழைய தொட்டிய இடிச்சு புதுத் தொட்டி கட்ட பட்ஜெட்ல எடம் வாங்கித் தந்த எங்கள் கவுன்சிலருக்கு நன்றின்னு. அது நான் வெச்சது தான். வேதாசலம் எழுதிக் குடுத்த அந்த வருஷம், பட்ஜெட் புக்குல தொட்டி பேர பாத்தவொடனே எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. மசூதி வாசல்ல, கோயில் தெருவுல, எல்லாருக்கும் ஸ்வீட் குடுத்தேன். பேர பாத்தேனே தவிர, பக்கத்துல எவ்ளோ போட்டிருக்கான்னு பாக்கல. ஆயிரம் ரூபா.

ஆயிரம் தான். லட்சம் இல்ல. நானும் ஒங்கள மாதிரி தான் கேட்டேன். ஆபீஸ்ல ஜோதி மேடம்னு கணக்கு பாக்குறவங்க, அவங்க தான் வெளக்குனாங்க. அதுக்கு டோக்கன்னு பேராம். வேலை செய்றதுக்கு போடுறது இல்லையாம், அந்த வேலையோட பேரு செத்துடாம இருக்கறதுக்கு போடுறதாம். எப்பனா பணம் வந்துச்சுன்னா அந்தப் பேர்ல பெருசா போட்டுக்கலாம். எல்லா வருஷமும் ஒரு ஆயிரம். பேரு உயிரோட இருக்கு, தொட்டியும் நிக்குது. பில்கிஸ் அன்னிக்கே சொன்னா, ஜனங்ககிட்ட உண்மைய சொல்லிரலாம்னு. நான் தான் வேணாம்னேன். ஸ்வீட் தின்னவன்லாம் நேரா வூட்டு வாசலுக்கு வருவான், நானா ஜவாப் சொல்றது? அதனால யாரு கேட்டாலும் ஒரே பதில், தொட்டி பட்ஜெட்ல இருக்கு. சொல்லி சொல்லி எனக்கே பழகிப் போச்சு.

அட, நிக்காதீங்க டீச்சர், ஒக்காருங்க. இல்ல, அங்க வேணாம், இப்டி வெளிய வந்து ஒக்காருங்க. இன்னும் தள்ளி. ஆமா, அந்த வேப்பமரத்துகிட்ட போலாமா? பசங்கள உட்டுட்டு வர முடியாதா. கரெக்டு தான். சரி, இங்கியே.

லாரியா? நீங்களும் கவனிச்சீங்களா, ரெண்டு நாளா வர்ல இல்ல. கவுஸ் பாஷா பாவம், அவன் மேல ஒண்ணும் தப்பு இல்ல. போன மீட்டிங்ல லாரிய வெட்டிட்டாங்க. புதுசா வந்திருக்கற கமிஷனரு கேட்டாராம், தொட்டி இருக்கு, பைப்பு இருக்கு, மோட்டார் இருக்கு, அப்பறம் இன்னாத்துக்கு லாரிக்கு தண்டமா அழுவுறீங்கன்னு. வேதாசலம் ரிப்போர்ட்ட எடுத்துக் காட்டலையான்னு கேக்கறீங்க இல்ல? காட்டுனாங்க. அந்த ஃபைல்ல கடைசில ஆபீஸ்ல இன்னா எழுதி வெச்சிருக்காங்க தெரியுமா, தொட்டிய இடிக்க பட்ஜெட்ல ஒதுக்கியாச்சு, நடவடிக்கை முடிஞ்சுதுன்னு. அந்த ஆயிரம் ரூபாய வெச்சு ஃபைல மூடிட்டாங்க டீச்சர். டோக்கன் போடலன்னா கூட ஃபைலு தெறந்தே கெடந்திருக்கும், எவனாவது படிச்சிருப்பான். பெயிண்டு வேற புதுசா இருக்கா, பாக்கறதுக்கு தொட்டி ஜம்முன்னு இருக்குதுன்னு வேற சொல்லிட்டாராம்.

பில்கிஸ் எந்திரிச்சா. பொய் சொல்லக்கூடாது, அவ எந்திரிச்சு நின்னா. எனக்கு மெசேஜ் போட்டா, நான் கத்தப் போறேன், கீழ பசங்க இருக்குதுன்னு. நான் இன்னா பண்ணேன் தெரியுமா? ஒக்காருன்னு மெசேஜ் போட்டேன். ரயில்வே லைன் ஓரமா சாக்கடை கட்டுற வேலை எடுத்திருக்கேன், பில்லு அவங்க டேபிள்ல கெடக்குது. பையனுக்கும் வேலை இல்ல. இப்ப போய் கமிஷனர மொறைச்சுக்கினா நடு ரோட்டுல நிப்போம்னு நெனச்சேன். ஒக்காந்துட்டா. லாரிய வெட்டறதுக்கு கையும் தூக்கிட்டா. இன்னிக்கி காலைல தான் வாய தெறந்தா. அந்த டீச்சர போய் பாரு, நீ போவலன்னா நான் போவேன்னா. வர்றேன் வர்றேன்னு வூட்லயே குறுக்கும் நெடுக்குமா நடந்துட்டு, டீக்கடைல கொஞ்ச நேரம் நின்னுட்டு, அப்பறம் வந்தேன். எனக்குப் பயமா இருக்கு டீச்சர். ஒங்ககிட்ட மறைக்கறதுல இன்னா இருக்கு.

எப்ப ஏத்துவாங்கன்னா... அது அவங்க டைமு. மொதல்ல சோதனைக்கு ஏத்திப் பாப்பாங்களாம். ஒரு வாட்டி ஃபுல்லா ஏத்தி, நிக்குதா, ஒழுவுதான்னு பாத்துட்டு அப்பறம் தெறந்து உடுவாங்களாம். வார்டுல தண்டோராவா போடுவாங்க? சொன்னா ஜனங்க பயந்துக்கும்னு சொல்ல வேணாம்னுட்டாங்க. நானும் சொல்லக் கூடாது. நான் இங்க வந்ததே யாருக்கும் தெரியாது.

ஒங்க ஆபீஸ் சூப்பர்வைசருக்கு போன் பண்றீங்களா? பண்ணுங்க. என் பேர மட்டும் சொல்லாதீங்க. எழுதிக் குடுன்னு கேட்டாங்கன்னா நான் எதுவும் எழுதித் தர மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். ஆனா அவங்க எடுத்து, அவங்க மேல கேட்டு, அவங்க ஆர்டர் போட்டு, அதெல்லாம் ரொம்ப நேரம் ஆவும் டீச்சர். அதுக்குத் தான் நான் சொன்னேன், நீங்களா கூட்டினு போற மாதிரி இருந்தா யாருக்கும் தொந்தரவு இல்ல. டீச்சர் பசங்கள மரத்தடிக்கு கூட்டினு போனாங்க, அவ்ளோதான், யாரு கேக்கப் போறாங்க? பசங்க வந்திருக்காங்கன்னு காட்ட செல்லுல போட்டோ ஏத்தணும்னு சொல்வீங்களே, அதான் காலைலயே ஏத்திட்டீங்க இல்ல? அப்பறம் இன்னா. நான் வேணா கூட ஒத்தாசைக்கு வர்றேன்.

இன்னா டீச்சர், யாரு? சஹரா? இன்னிக்கி ஒரு பொண்ணு தான் வர்லயா. ஆமா, என் பேத்தி தான், முஜாஹித் பொண்ணு. எங்க மருமவ சானியா தான டெய்லி கொண்டாந்து உடுவா, அதான் ஒங்களுக்குத் தெரியல. இல்ல இல்ல, ஜொரமெல்லாம் ஒண்ணும் இல்ல. நல்லா தான் இருக்கா, வூட்ல டிவி பாத்துனு இருக்கா. காலைல விடியறதுக்கு முன்னயே சம்ப்புல மோட்டார் போட்டுட்டாங்க இல்ல, அதான் இன்னிக்கி அனுப்ப வேணாம்னு சொல்லிட்டேன்.