கொச்சங்காடியில் கரி எண்ணெய்

சங்கு ஊதுகிறது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி. ஓடுகிறேன். 1965 செப்டம்பர், பாகிஸ்தான் போரின் இரண்டாவது வாரம். காலை பதினொன்று இருபது. மட்டாஞ்சேரி, கொச்சங்காடி. பண்டகசாலைக்குள் தீ எரிகிறது. விமானத் தாக்குதல் சங்கு கேட்டால் எந்த அடுப்பும் எரியக் கூடாது. உத்தரவு.

தீ மூட்டியவர் தேவசி சேட்டன். படகுப் பட்டறை ஃபிட்டர். மண்ணெண்ணெய் வரத்து நின்றதும் நிலக்கரியிலிருந்து எண்ணெய் எடுக்க இறங்கினார். கரியைப் பீப்பாயில் காற்றுப் புகாமல் அடைத்துக் கீழே தீ வைப்பார். புகை குழாய் வழியாக வந்து குளிர்ந்து கறுப்பு எண்ணெயாகச் சொட்டும். அதை மறுபடி காய்ச்சுவார். என் சாயாக்கடை ஸ்டவ் அதில்தான் எரிந்தது. நாற்றம் குடலைப் பிடுங்கும். ஆனாலும் எரிந்தது. எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

நான் தென்காசிக்காரி. கொச்சிக்கு வந்து நாலு மாதம். வெள்ளம் என்றால் தண்ணீர், ஒழிப்பது என்றால் ஊற்றுவது. அவ்வளவு மலையாளம்தான் தெரியும்.

உள்ளே நுழைகிறேன். சேட்டன் தணலை வெளியே இழுக்கிறார். அவசரத்தில் கால் தட்டி எண்ணெய்ச் சட்டி சரிகிறது. எண்ணெய் தணலுக்கு ஓடுகிறது. குப்பென்று பற்றுகிறது. தீ இடுப்பளவு. அவர் மணல் மூட்டையைப் பிடித்து இழுக்கிறார். நான் வாளியைத் தூக்குகிறேன். திரும்பிப் பார்த்துக் கத்துகிறார்.

"வெள்ளம் ஒழிக்கல்லே! ஆமினா, ஒழிக்கல்லே!"

எங்கள் ஊரில் 'வரல்லே' என்றால் வரவில்லை. 'தரல்லே' என்றால் தரவில்லை. இன்னும் ஊற்றவில்லையே என்று திட்டுகிறார் என நினைத்தேன்.

"இந்தா ஊத்திட்டேன் சேட்டா!"

முழு வாளியும் ஊற்றினேன்.

ஊற்றாதே என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார். மலையாளத்தில் அதற்கு அதுதான் அர்த்தம்.

எண்ணெய் சீறியது. தீ கூரையைத் தொட்டது. ஓடுகள் படபடவென்று வெடித்தன. அவர் தீக்கு அந்தப் பக்கம் இருந்தார். வாசல் இந்தப் பக்கம் இருந்தது.

விமானம் எதுவும் வரவில்லை. அன்று ஊதியது ஒத்திகைச் சங்கு.

ஆஸ்பத்திரி வாசலில் அவர் மனைவி ரோசா என் கையைப் பிடித்தாள். "அவசானம் எந்தா பறஞ்ஞது?" கடைசியில் என்ன சொன்னார் என்று கேட்டாள்.

"வெள்ளம் சோதிச்சு" என்றேன். தண்ணீர் கேட்டார் என்று. வாய் கூசாமல் சொன்னேன். அவள் நம்பினாள். இன்றும் நம்புகிறாள். அதனால்தான் எழுதுகிறேன்.

போனவை: பீப்பாய் ஒன்று. கூரையில் பாதி. என் வலக்கையில் இரண்டு விரல்கள். தேவசி சேட்டன், வயது முப்பத்தொன்று.

அந்தப் போரில் மட்டாஞ்சேரியில் யாரும் சாகவில்லை என்கிறார்கள். ஒருவர் செத்தார். ஊற்றியவள் நான்.